பெரிய மிராசுதாரின் பெட்ரோல் குழாய்

குழாய் ஓட்டைக்குள் போய்த் தொளதொளவென்று ஆடியது.

தங்கையன் மூன்றாம் தடவையாக அதை வெளியே இழுத்தான். டேங்கின் அடியில் இருந்த ஓட்டை இங்கிலீஷ்காரன் அளவு. கையில் இருந்த குழாய், நாகூரில் பழைய சாமான் விற்கும் மூஸா கொடுத்தது, அதைவிடச் சின்னது. திருகு மரையோடு மரை சேரவில்லை.

"சேராதா?" என்றார் மிராசுதார் பஞ்சநதம். பட்டறையின் ஒரே நாற்காலியில் அவர்தான் இருந்தார்.

"நடுவுல பித்தளையில ஒரு அடாப்டர் கடைஞ்சு போடணுங்க ஐயா. வெளி மரை டேங்குக்கு, உள் மரை குழாய்க்கு."

"என்னமோ போடு. வெள்ளிக்கிழமை காலையில வண்டி எனக்கு ஓடணும்."

அன்று செவ்வாய்.

அந்த மோட்டார் சைக்கிள் அவருடைய அப்பா பெரிய மிராசுதாருடையது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மழையில் அரசலாற்றங்கரையில் அதோடு சரிந்துதான் அவர் செத்தார். குழாய் அன்றைக்கே உடைந்துவிட்டது. அவர் இருந்தவரை அந்த வண்டிச் சத்தம் கேட்டாலே, அவர் நிலமெல்லாம் இருந்த சாத்தன்குடியில் வரப்பில் நிற்கிறவன் சேற்றில் இறங்கி நிற்பான்.

இப்போது புது சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. குத்தகைக்கு உழுகிறவன் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தால் அவன் பெயர் பதிவாகும். பிறகு நிலத்தைவிட்டு விரட்ட முடியாது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"அப்பா வண்டியில போய் ஊர் எல்லையில நிக்கப்போறேன். எவன் மனுவைத் தூக்கிக்கிட்டுத் தாண்டுறான்னு பார்க்கிறேன். உன் மாமியார் வீட்டு ஆளுங்ககூட எழுதுறானுங்களாமே?"

"எனக்குத் தெரியாதுங்க."

"வண்டி ஓடலேன்னா சனிக்கிழமை உன் லேத்தைத் தூக்கி ரோட்டுல வை. இடம் என்னுது."

அந்தக் கடைசல் இயந்திரத்தை ரோட்டில் வைத்தால் தங்கையனும் ரோட்டில்தான். அந்த ஒரு தொழில்தான் அவனுக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் ஒரு அடாப்டர் கடைந்து மாட்டினான். சொட்டுச் சொட்டாக ஒழுகியது. நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்தான். படுத்தால் அவன் இடி விழுந்தாலும் எழாத ஆள்.

புதன் காலை வண்டியின் டயரெல்லாம் சேறு.

தங்கையன் இன்ஜின்மேல் கை வைத்தான். சுட்டது.

"செவ்வந்தி!"

அவன் பெண்டாட்டி வீட்டுக்குள்ளிருந்து கொட்டாவி விட்டபடி வந்தாள். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. தெருப்பக்கக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அரைஞாணில் கட்டியிருந்தான். மற்ற வழி வீட்டுக்குள்தான். அங்கே செவ்வந்தி படுத்திருந்தாள்; அவளைத் தாண்டி ஒரு பூனை போக முடியாது.

"வண்டி எங்கியோ போயிட்டு வந்திருக்குடி."

"நல்லாயிருக்கே கதை. ஒழுகுறதை ஒழுங்கா அடைங்க முதல்ல. பெட்ரோல் நாத்தம் தாங்கல."

பத்து மணிக்குப் பஞ்சநதம் வந்தார். முகம் சரியில்லை. "ராத்திரி சாத்தன்குடி வாய்க்கால் பாலத்துக்கிட்ட அப்பா இந்த வண்டியில வந்தாராம். காவக்காரன் சொல்றான். தலையே இல்லையாம், வாயில சுருட்டாம்."

"தலையில்லாம சுருட்டை எப்படிங்க..."

"அதான் நானும் கேட்டேன். பாலத்தோட நின்னு திரும்பிட்டாராம்."

பாலம்வரைதான் போயிருக்கும் என்று தங்கையனுக்குத் தோன்றியது. சோதித்துப் பார்க்க ஊற்றிய அரை லிட்டர், ஒழுகினால் அவ்வளவுதான் வரும். பேய்க்குப் போய்ப் பெட்ரோல் கணக்குப் பார்க்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டால் கழிந்தது என்று புதிதாக ஒன்று கடைந்தான். மரையை நூல் பிடித்தாற்போல் வெட்டி, தோல் வாஷர் வைத்து இறுக்கினான். ஒரு சொட்டு இல்லை. பழையதைக் கழிவுப் பெட்டியில் எறிந்தான்.

அன்றிரவு பிள்ளையார் கோயில் மண்டபத்தில் படுக்கக் கிளம்பினான்.

"என்னைத் தனியா விட்டுட்டா?" என்றாள் செவ்வந்தி.

"பொம்பளைங்கள அது ஒண்ணும் பண்ணாதுடி."

"ரொம்பத் தெரிஞ்சமாதிரி பேசுறீங்க," என்று பாயை அவளே சுருட்டிக் கொடுத்தாள்.

வியாழன் காலை சேறு மட்கார்டுவரை ஏறியிருந்தது. சங்கிலியில் நாற்று சுற்றியிருந்தது. பஞ்சநதம் காரைவிட்டு இறங்கவே இல்லை.

"ஊருக்குள்ளயே வந்துட்டாருடா! மேலத்தெரு, கீழத்தெரு, சேரி, ஒண்ணு பாக்கியில்ல. காவலுக்குப் போட்டதுல நாலு பேரு பட்டுக்கோட்டைக்கு ஓடிட்டானுங்க. என்னடா பண்ணினே வண்டியை?"

"ஒழுகலை நிறுத்தினேங்க."

"எவன்டா நிறுத்தச் சொன்னான்!"

"நீங்கதாங்க."

பஞ்சநதம் கார்க் கண்ணாடியைப் பாதி ஏற்றினார். "நாளைக்குக் காலையில வருவேன். வண்டி ஓடணும். ராத்திரி மட்டும் ஓடக் கூடாது."

இதற்கு லேத்தில் வழியில்லை. தங்கையன் சாயங்காலம்வரை யோசித்து, குழாயைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டினான். புது அடாப்டரையும் கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டான். டேங்கின் ஓட்டையில் தக்கையை அடித்தான். அடாப்டர் இல்லாமல் குழாய் நிற்காது. குழாய் இல்லாமல் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகாது. செத்தவருக்கும் அதே சட்டம்தான் என்று சொல்லிக்கொண்டு கோயிலுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை கதவைத் திறந்தான்.

தக்கை அடித்தபடியே இருந்தது. குழாய் ஆணியில் தொங்கியது. அடாப்டர் இடுப்பில் இருந்தது. வண்டியில் ஹேண்டில்வரை சேறு. முந்தின நாள் நிறைய ஊற்றியிருந்த டேங்கைத் தட்டினான், காலி. இன்ஜின்மேல் கையை வைக்க அவனுக்குத் துணிவில்லை. வைக்காமலே சூடு தெரிந்தது.

பின்னாலிருந்து பஞ்சநதத்தின் குரல் கேட்டது. "நேத்து என் வாசல்லயே மூணு சுத்துச் சுத்திட்டுப் போச்சு."

"ஐயா, அடாப்டர் என்கிட்டதாங்க இருந்துச்சு. இந்தா பாருங்க."

பஞ்சநதம் அவன் உள்ளங்கையில் இருந்த பித்தளையைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். தக்கையைப் பார்த்தார். துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"வண்டி எனக்கு வேணாம். இங்கேயே கிடக்கட்டும்."

"அப்ப நாளைக்கு லேத்தை..."

"நீ எங்கயும் போகப்படாது! நீ காலி பண்ணினா அது எங்கடா வரும்? என் வீட்டுக்குத்தான் வரும். உசுரு இருக்கறவரைக்கும் இந்த இடம் உனக்குத்தான். பூட்டை மட்டும் பெருசா போடு."

காரில் ஏறியவர் சாத்தன்குடிப் பக்கம் திரும்பவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் போனார்.

பட்டறை தங்கிவிட்டது. பேயும் கூடவே தங்கிவிட்டது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் தங்கையன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தான்.

மத்தியானம் காத்தாயி வந்தாள். சாத்தன்குடியில் நடவுக்குப் போகிறவள். அந்த ஊரில் பெண் எடுத்ததால் அவளுக்கும் அவன் மாப்பிள்ளைதான். கட்டைவிரல் மையை முந்தானையில் துடைத்துக்கொண்டே படியேறினாள்.

"நாப்பது மனுவும் கொடுத்தாச்சு மாப்ள. எல்லையில ஒரு ஆள் இல்ல, ஈ காக்கா இல்ல. செவ்வந்தி எங்க?"

"காலையிலேருந்து தூங்குறா. உடம்பு முடியலையாம். வீட்டுல பேய் இருந்தா யாருக்குத்தான் முடியும்?"

காத்தாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எழுப்பாதீங்க, தூங்கட்டும். அடுத்த தடவையாச்சும் நல்ல அடாப்டரை இடுப்புல சொருகிக்கிட்டுக் கோயிலுக்குப் போயிடாதீங்க மாப்ள. பாவம், அந்த ஒழுகுற பழசை மாட்டிக்கிட்டு வீடு வீடா மனுவை வாங்கி முடிக்கிறதுக்குள்ள பொண்ணுக்குத் தொடையெல்லாம் வெந்துபோச்சு."