ஆலை வாசலில் ஒரு ஜீப்

டீ குடித்துவிட்டு வந்த டிரைவர் சாவியைத் திருகினார். ஜீப் முனகக்கூட இல்லை. நின்ற இடமோ சாய ஆலை வாசல், கழிவுநீர்க் குழாய்க்கு நேர் எதிரே.

பதினோராவது நோட்டீஸைக் கொடுத்துவிட்டு வந்து வண்டியில் உட்கார்ந்திருந்த மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியம்மா இறங்கினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள வண்டி ஆபீஸ்ல நிக்கணும். இல்லேன்னா மெமோதான்."

அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். ஓய்வு பெற நாலே மாதம் இருக்கிற டிரைவருக்கு மெமோ என்றால் சும்மாவா?

டிரைவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார்.

ஆலைக் காவலாளி உள்ளே மேனேஜரிடம் ஓடினார். "சார், மாசு ஆபீஸ் ஆளு குழாய்கிட்டயே படுத்துக்கிட்டு உத்துப் பாக்கறாரு."

ரேடியேட்டரில் ஊற்றலாமென்று டிரைவர், குழாய் கொட்டும் கால்வாயில் ஒரு பாட்டில் மொண்டார். தண்ணீர் ஊதா நிறத்தில் இருந்தது. ஊற்ற மனம் வராமல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சார், சாம்பிளே எடுத்துட்டாரு."

அவ்வளவுதான். ஐந்து வருஷமாகத் தூங்கிய சுத்திகரிப்பு இயந்திரம் கடகடவென்று எழுந்தது.

மறுநாள் டிரைவர், அலுவலக வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். நிபுணரே வந்துவிட்டதாக உள்ளே சேதி போக, இரண்டு நாற்காலியும் குடையும் வெளியே வந்தன.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "பிடிபடலண்ணே. நாளைக்குப் பாப்போம்."

மூன்று நாளும் இதே பாட்டு. பொறுக்காமல் டிரைவர் ஆலை மேனேஜரிடமே போய் நின்றார்.

"உங்க ஆளுங்கள விட்டு வண்டியக் கொஞ்சம் தள்ளிவிடச் சொல்லுங்க சார்."

மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. இவர் நம்மை ஆழம் பார்க்கிறார் என்று முடிவு கட்டினார். "அரசாங்க வண்டிமேல நாங்க கை வைப்போமா? நீங்க நிதானமா இருந்து பாத்துட்டே போங்க" என்றவர், இரண்டாவது இயந்திரத்தையும் போடச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கால்வாயின் அடியில் கூழாங்கல் தெரிந்தது. பாவம், டிரைவரின் கண்ணுக்கு மெமோ மட்டும்தான் தெரிந்தது. பஸ் பிடித்து அலுவலகத்துக்குப் போனார்.

"மன்னிச்சிருங்க மேடம். வண்டி இன்னும் அந்த வாசல்லயேதான் நிக்குது. நானும் எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன்."

அதிகாரியம்மா மேஜை இழுப்பறையைத் திறந்து, நகம் அளவில் ஏதோ ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தாங்க ஃபியூஸ். மெக்கானிக்கிட்ட இனிமே உங்க முன்னாடி நடிக்க வேணாம்னு சொல்லிட்டேன்; நாளைக்கு நம்ம வண்டி தோல் ஆலை வாசல்ல ரிப்பேராகணும்."