சிவப்புத் துணியில் பதினொரு புள்ளி

சிவப்பு மைப் புட்டியின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள் முருகேஸ்வரி.

நேரமில்லை. கிழக்கே வெளுத்துவிட்டது. வீட்டுக்குள் அய்யா இருமுகிறார். அவர் எழுந்து பின்பக்கம் வருவதற்குள் காரியத்தை முடித்தாக வேண்டும்.

கிணற்றடிக் கல்லில் ஒரு சிவப்புத் துணி விரிந்து கிடந்தது. அதில் ஒன்பது வெள்ளைப் புள்ளிகள். விளக்குமாற்றுக் குச்சியை மையில் தோய்த்து முதல் புள்ளியில் வைத்தாள். மை புள்ளியோடு நிற்கவில்லை. பக்கத்துப் புள்ளியைத் தாண்டியது, துணியைத் தாண்டியது, கல்லைத் தாண்டி அவள் பாவாடைக்கு வந்தது. பதறி எழுந்தாள். புட்டி கவிழ்ந்தது.

“ஏ தாயி! ரத்தம்!” என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார் இருளாண்டி. ஓடிவந்த வேகத்தில் மையில் வழுக்கி, வெள்ளை வேட்டியோடு அதிலேயே உட்கார்ந்தார்.

“ரத்தமில்ல அய்யா. மை.”

“மையா? மையை எதுக்குக் கிணத்தடியில கொட்டுற?” கேட்ட பிறகுதான் துணியைப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது. “இன்னிக்கும் இறங்கலையா?”

முருகேஸ்வரி தலையை ஆட்டினாள். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. நாளைக்கும் துணி வெளுத்தால் கல்யாணம் இல்லை.

அந்த வருஷம், அதாவது இரண்டாயிரத்து மூன்றில், கடலாடிப் பக்கத்து மக்களுக்கு ஒரு புது உண்மை தெரியவந்திருந்தது. வயசுப் பெண்களின் முகத்தில் வருவது பரு இல்லை. செவ்வாய்! ஜாதகக் கட்டத்தில் சும்மா கிடந்த செவ்வாய், அலுத்துப்போய் எழுந்து கன்னத்தில் வந்து குந்திக்கொண்டது. ஆதாரம்? பரு சிவப்பு, செவ்வாயும் சிவப்பு. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? அப்படிப் பார்த்தால் தபால் பெட்டிக்கும் கல்யாணம் ஆகக்கூடாது. ஆனால் அதை யாரும் கேட்கவில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் செவ்வாய்ச் சித்தர். நரிப்பனேந்தல் கண்மாய்க்கரைக் கருவேலங்காட்டில், தகரக் கொட்டகை போட்டு, சிவப்புப் பட்டு விரித்து உட்கார்ந்திருந்தார். எந்த ஊர், என்ன பேர் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததுதான் அவருடைய முதல் தகுதி.

வைத்தியம் எளிது. சாமி ‘அங்காரகக் களிம்பு’ தருவார். ராத்திரி அதை முகத்தில் அப்பி, புதுச் சிவப்புத் துணியால் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். காலையில் துணியை மடித்துக் கொண்டுபோனால் சாமி பிரித்துப் பார்ப்பார். துணியில் வெள்ளைப் புள்ளி இருந்தால், அது செவ்வாய் இறங்கிய தடம். புள்ளிக்கு ஒரு படி முண்டு மிளகாய் வத்தல் காணிக்கை. வத்தலும் சிவப்பு அல்லவா? துணி வெளுக்காமல் சிவப்பாகவே நின்ற அன்றைக்குத் தோஷம் சுத்தமாகத் தீர்ந்தது என்று மஞ்சள் கயிறு கட்டுவார்.

கூட்டம் அள்ளியது. தேவிபட்டினத்திலிருந்தும் மண்டபத்திலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் வத்தல் மூட்டை மலையாக எழுந்தது. அந்த நெடியில் சாமி அருள்வாக்குக்கு நடுநடுவே தும்முவார். தும்மலுக்கும் பலன் சொல்ல இரண்டு பேர் இருந்தார்கள்.

முருகேஸ்வரிக்கு மாப்பிள்ளை ராக்கப்பன். மண்டபம் ஐஸ் ஃபேக்டரியில் மெக்கானிக். பெண் பார்க்க வந்தவன் காப்பியைக் குடிக்காமல் இவளையே பார்த்து, ஆறவைத்து, அப்புறம் ஒரே மடக்கில் குடித்துப் புரையேறிப்போனான். இவளுக்கும் அவனைப் பிடித்துவிட்டது. பிடிக்காமல் போனது அவன் அம்மா வீரலட்சுமிக்கு மட்டும்தான். பெண்ணை அல்ல, பெண்ணின் கன்னத்தில் இருந்த ஆறேழு பருக்களை.

“செவ்வாயை இறக்கிட்டு வாங்க. மஞ்சக் கயித்தைப் பார்த்துட்டுத்தான் தாலிக் கயிறு” என்று சொல்லிவிட்டாள். நியாயஸ்தி. தன் மகனுக்கும் மூன்று ராத்திரிக்குக் களிம்பு வாங்கிப் போனாள். மூன்று துணியும் குங்குமம் மாதிரி அப்படியே நின்றன. “என் பிள்ளை சொக்கத் தங்கம்” என்று ஊரெல்லாம் விரித்துக் காட்டினாள்.

முருகேஸ்வரியின் துணிதான் மானத்தை வாங்கியது. களிம்போடு எலுமிச்சைச் சாறு கலந்து, கெட்டியாக அப்பி, விடிந்ததும் வெயிலில் ஒரு மணி நேரம் நிற்கச் சொன்னார் சாமி. நின்றாள். நாலாம் நாள் முகம் வெங்காயம் மாதிரி உரிந்தது. “செவ்வாய் சட்டை உரிக்குது” என்றார் சாமி, தும்மலோடு.

அன்றைக்குத்தான் தையல்காரர் வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லி ராமநாதபுரம் பஸ் ஏறினாள். தோல் டாக்டர் மலிகா அவள் முகத்தைப் பார்த்து, “இது என்ன முகமா, வறுத்த அப்பளமா?” என்றார். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, புண் ஆற இரண்டு வாரம் விட்டு, பிறகு சீட்டு எழுதி ஒரு ஜெல் கொடுத்தார். அந்த இரண்டு வாரமும் புண்ணைக் காட்டி அவள் துணியே கட்டவில்லை. அதற்கு அப்புறமும் சாமியின் களிம்பைத் தொடவில்லை. அய்யாவுக்காகத் துணியை மட்டும் கட்டிக்கொண்டு படுத்தாள்.

முகம் தெளிந்துகொண்டே வந்தது. பரு ஒவ்வொன்றாக அமுங்கியது. ஆனால் துணி மட்டும் விடாமல் வெளுத்தது! சாமியே முழித்தார். போதுமான வத்தல் வந்துவிட்டதால், போன மூன்று தடவையும் அவளுக்கு வெறும் செஞ்சந்தனக் குழைவைத்தான் கொடுத்தனுப்பியிருந்தார். மனதுக்குள் முழித்தாலும் வாய் முழிக்கவில்லை. “உக்கிரச் செவ்வாய்! வர்ற செவ்வாய்க்கிழமையும் வெளுத்தா இந்தச் சம்பந்தம் ஆகாது” என்று அறிவித்துவிட்டார்.

மை கொட்டிய அந்தத் திங்கட்கிழமை, முருகேஸ்வரி மறுபடி பஸ் ஏறினாள். ஒன்பது புள்ளித் துணியை டாக்டரின் மேசையில் போட்டாள்.

டாக்டர் மலிகா துணியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார்.

“தலகாணிக்கு வெள்ளை உறை போடுன்னு சொன்னேனா இல்லையா?”

“சுத்தத்துக்குச் சொல்றீங்கன்னு நினைச்சேன் டாக்டர்.”

“இந்த ஜெல் பட்டா சாயத் துணி வெளுக்கும்மா. துண்டு, சேலை, தலகாணி உறை, எதையும் விடாது. அதுக்காகத்தான் சொன்னேன்.”

முருகேஸ்வரி நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். “அப்போ சாமியோட களிம்பு? அதுலயும் துணி வெளுத்துச்சே.”

“அதுல என்ன கலந்திருக்குன்னு பார்வையில சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு சொல்றேன். இதே ஜெல்லா இருந்தாலும் அவர் பூசச் சொன்ன விதத்துல பூசினா முகம் வெந்துதான் போகும். இது மருந்து, சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு இல்ல. மொத்த முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. ராத்திரி மட்டும், முகம் கழுவி, ஈரம் நல்லாக் காஞ்ச பிறகு. கண்ணு, உதடு, மூக்கோரம் ஆகாது. எலுமிச்சை, கிலுமிச்சை எதுவும் கூடச் சேரக்கூடாது. எரிச்சல் வந்தா ஒருநாள் விட்டு ஒருநாள், இல்ல எங்கிட்ட வா. வெயில்ல குடை பிடி. பருவைக் கிள்ளாத.”

“எத்தனை நாளைக்கு?”

“ரெண்டு மாசமாவது பொறுக்கணும். ஒரே ராத்திரியில போகும்னு எவனாவது சொன்னா, போறது பரு இல்ல. உன் பர்ஸு.”

திரும்பி வரும் பஸ்ஸில் யாரோ ஒருவருடைய சாக்கிலிருந்து பூசணிக்காய் ஒன்று உருண்டு வந்து அவள் காலில் இடித்து நின்றது. வழுவழுவென்று இருந்தது. ஒரு பரு கிடையாது. அதைப் பார்த்தபடியே இருந்தவள், ஊர் வந்ததும் அதை விலை பேசி வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

“அய்யா, இதுக்குக் களிம்பு பூசி நீங்களே துணி கட்டுங்க” என்று அன்று இரவு அப்பாவின் முன்னால் வைத்தாள்.

“பூசணிக்காய்க்கா? உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?”

“ஆமான்னு வச்சுக்குங்க. சாமி முதமுதக் கொடுத்த களிம்பு டப்பாவுல மிச்சம் இருக்கு. பூசுங்க.”

முனகிக்கொண்டே பூசினார் இருளாண்டி. கட்டினார். விடிந்ததும் அவரே அவிழ்த்தார். துணியைப் பார்த்தார். பூசணிக்காயைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு சாக்கை எடுத்து வந்தார்.

செவ்வாய்க்கிழமை. கொட்டகை நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் வீரலட்சுமி. அவள் பக்கத்தில் ராக்கப்பன், தரையைப் பார்த்தபடி.

முருகேஸ்வரி துணியை நீட்டினாள். “சாமி, என் துணியை அப்புறம் பாருங்க. முதல்ல இது. எங்க வீட்டுக்கு வந்திருக்கிற ஒருத்தியோடது.”

“வயசு?”

“தெரியல சாமி. நல்ல கனம். வாய் பேசாது.”

சாமி துணியை விரித்தார். கூட்டம் எட்டிப் பார்த்தது. எண்ணினார். கண்ணை மூடினார். உடம்பை உலுக்கினார்.

“பதினொண்ணு! ஆத்தாடி, பதினொண்ணு! கழுத்துக்கு மேல கண்டம். இவளைக் கட்டுறவன் ஒரு வருஷம் தாங்க மாட்டான்!”

“ஒரு வருஷமா? சாம்பார்ல போட்டா ஒரு வேளைக்கே தாங்காது சாமி” என்றார் இருளாண்டி. சாக்கை அவிழ்த்தார். பூசணிக்காயைத் தூக்கிப் பட்டு விரிப்பில், சாமியின் மடிக்கு நேராக வைத்தார். “இந்தாங்க பொண்ணு. ராத்திரி என் கையால களிம்பு பூசி, என் கையால துணி கட்டினேன். முகத்துல ஒரு பரு இருந்தாக் காட்டுங்க.”

பின்வரிசையில் எவனோ, “மாப்பிள்ளை யாருப்பா, சுரைக்காயா?” என்றான். சிரிப்பு தகரத்தில் மோதித் திரும்பியது.

சாமி லேசில் விழுகிற ஆள் இல்லை. “சிரிக்காதீங்க! செவ்வாய் யாரு? பூமாதேவி பெத்த மகன். பூசணி எங்கன விளையுது? பூமியில! தாய் வழிச் சொந்தம், தோஷம் இருக்காதா?”

இதற்கும் நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மாள் பூசணிக்காயைத் தொட்டுக் கும்பிட்டாள்.

“அப்போ எங்க வீட்டு வெங்காயத்துக்கும் வரன் பார்த்துச் சொல்லுங்க” என்றாள் முருகேஸ்வரி. “நான் சொல்லுறேன் கேளுங்க. பருவுக்கு டாக்டர் சீட்டு எழுதித் தர்ற ஜெல்லு ஒண்ணு இருக்கு. பட்டா சாயத் துணி வெளுக்கும். நான் ஒரு மாசமா டாக்டரு கொடுத்ததைத்தான் பூசுறேன். என் துணி அதனாலதான் வெளுக்குது. இவரு களிம்புலயும் அதுதான் இருக்கு.”

இருளாண்டி குனிந்து பட்டு விரிப்பின் நுனியைப் பிடித்து இழுத்தார். சாமி ஒரு பக்கம் சாய்ந்தார், பூசணிக்காய் ஒரு பக்கம் உருண்டது. விரிப்புக்கு அடியிலிருந்த பலகைப் பெட்டி திறந்துகொண்டது. அதிலிருந்து நசுக்கிப் பிழிந்த ஜெல் டியூபுகள் கூடை கூடையாகச் சரிந்தன.

கூட்டத்தில் சலசலப்பு. அந்த நேரத்தில்தான் சாமி தன் கடைசி அம்பை எடுத்தார். சாய்ந்த இடத்திலிருந்தே கையை உயர்த்தினார்.

“இருங்கப்பா! மருந்துதான் துணியை வெளுக்குதுன்னு சொல்லுறாளே இந்தப் பொண்ணு, ஒரே ஒரு கேள்வி கேக்குறேன். இந்த வீரலட்சுமி தாயி தன் பிள்ளைக்கு மூணு ராத்திரி வாங்கிட்டுப் போச்சே, அது எந்தக் களிம்பு? இதே பானையில எடுத்த இதே களிம்பு! எல்லாத் துணியையும் வெளுக்கிற மருந்து அந்தத் துணியை மட்டும் ஏன் வெளுக்கல? மூணு துணியும் சிவப்பா நின்னுச்சா இல்லையா? தோஷம் இல்லாத முகம், அதனால நின்னுச்சு! பதில் சொல்லச் சொல்லுங்க பார்ப்போம்!”

கூட்டம் முருகேஸ்வரியைப் பார்த்தது. அவள் ராக்கப்பனைப் பார்த்தாள். அந்த மூன்று துணிகளையும் எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். பூசணிக்காயைத் தொட்டுக் கும்பிட்ட அம்மாள் இப்போது சாமியை நோக்கிக் கைகூப்பினாள். சாமி எழுந்து பட்டை உதறிப் போட்டு, நிதானமாக ஒரு தும்மல் போட்டார்.

“அம்மா” என்றது ஒரு குரல். ராக்கப்பன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தான். “நீ எனக்கு எப்பம்மா களிம்பு பூசின?”

வீரலட்சுமி புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“சும்மா இருடா.”

“மூணு நாளும் வெறும் துணியைத்தான கட்டிவிட்ட? நான்கூடக் கேட்டேனே, களிம்பு எங்கேன்னு.”

“ஏலே, சும்மா இருங்கிறேன்ல!”

“சம்பந்தி” என்றார் இருளாண்டி, மெதுவாக. “சொல்லுங்க. எம் மக வாழ்க்கை இது.”

வீரலட்சுமி கூட்டத்தைப் பார்த்தாள். சாமியைப் பார்த்தாள். முருகேஸ்வரியின் கன்னத்தில் இன்னும் மறையாமல் கிடந்த உரிந்த தழும்பைப் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் பார்க்க முடியவில்லை.

“பூசலைய்யா” என்றாள். “ஒரு நாளும் பூசல. வாங்கின களிம்பு அப்படியே மாட்டுக்கொட்டாய்ல கிடக்கு.” குரல் இறங்கிப்போனது. “எங்கிருந்து வந்தவன், எதைக் குழைச்சுத் தர்றான்னு யாருக்குத் தெரியும்? பெத்த பிள்ளை முகமாச்சே. அதுல போயி கண்டதையும் எப்படிப் பூசுவேன்?”

சாமியைக் காணவில்லை. கருவேலங்காட்டுக்குள் ஓடும் சத்தம் கேட்டது. பின்னாலேயே நாலைந்து தும்மல்.

“கல்யாணப் பேச்சு அப்படியே இருக்கட்டும் அத்தை” என்றாள் முருகேஸ்வரி. “ஆனா உங்க பிள்ளை முகத்துக்காக உங்களுக்கு வந்த அந்த அறிவு, என் முகத்துக்காகவும் கொஞ்சம் வந்திருக்கலாம்ல?”