உதவித்தொகை நிற்கவில்லை, அண்ணா

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அண்ணனுக்குத் தங்கை எழுதுவது. நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் சுகம். இடது கால் மட்டும் எப்போதும்போல மடங்க மாட்டேன் என்கிறது.

நல்ல சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிக் கடிதத்தில் கத்த ஆரம்பித்துவிடுவீர்கள். உதவித்தொகை நிற்கவில்லை.

போன வாரம் அலுவலகத்திலிருந்து "நேரில் வரவும்" என்று கடிதம் வந்ததும் அதை நாலு தடவை திருப்பித் திருப்பிப் படித்தேன். கால் ஊனத்துக்கென்று அரசாங்கத்தில் பணம் வாங்கிக்கொண்டு, வாரம் மூன்று நாள் காலையில் சலவைக் கடையில் பொத்தான் தைக்கப் போகிறேனே, அது தெரிந்துபோச்சு, இனி வாடகைக்கு என்ன செய்வேன், அவர் இருந்தாலாவது கேட்கலாம் என்று ஒரே புலம்பல். அவர் போய் நாலு மாதம் ஆகிறது, இன்னும் எதற்கெடுத்தாலும் "ஏங்க" என்று திரும்பிப் பார்க்கிறேன். என் கால் மட்டும் போதாது என்று பயந்து மாடிவீட்டுக்காரர் பிடித்துக்கொண்டு நடக்கிற வாக்கரையும் இரவல் வாங்கிப் போனேன். நிஜமாகவே நொண்டுகிறவளுக்கு நடிக்க வராது அண்ணா. அது வாசற்கதவில் மாட்டிக்கொண்டது, பின்னால் ஏழு பேர் நின்றார்கள், கடைசியில் அதைத் தூக்கி அக்குளில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனேன். அதிகாரியம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

போய் உட்கார்ந்தால், அந்தம்மாவின் சட்டைக் கையில் ஒரு பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கண்ணை வேறு பக்கம் திருப்பிப் பார்த்தேன், முடியவில்லை. "கையைக் கொஞ்சம் நீட்டுங்கம்மா" என்று பையிலிருந்த ஊசிநூலை எடுத்துவிட்டேன்.

"நல்லா தைக்கிறீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க?"

"கடையிலதான். ஒரு நாளைக்கு அறுபது தைக்கிறேன்ல."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் என்ன, ஒன்றரை வருஷக் கதையையும் கொட்டி அழுதேன். அந்தம்மா ஒரு கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"இது எங்களுக்குத் தெரிஞ்சதுதாம்மா. கொஞ்ச நேரம் வேலை பார்க்கலாம், மாசாமாசம் எழுதிக் கொடுத்தா போதும். உங்க வீட்டுக்காரர் கொடுத்துக்கிட்டுத்தான் இருந்தார். நாலு மாசமா வரலை, அதான் கூப்பிட்டோம்."

அவர் கையெழுத்து அண்ணா. பதினாலு தாள். யாரிடமும் மூச்சு விடாதீங்க என்று நான் சொன்னபோது தலையை ஆட்டினார், ஆட்டிவிட்டு மாதாமாதம் தபால்பெட்டிக்குப் போயிருக்கிறார். அரட்டைக்குப் போகிறார் என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தாளிலும் என் வேலை நேரக் கணக்குக்குக் கீழே எழுதியிருக்கிறார்: "உட்கார்ந்து செய்கிற வேலைதான். ஆனால் இவள் உட்காருவதில்லை. நான் சொன்னால் கேட்பதில்லை, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவும்."

"சொல்லட்டுமா?" என்றார் அதிகாரியம்மா.

"சொல்லுங்கம்மா."

"உட்கார்ந்து வேலை பாருங்க."

"சரிங்க" என்றேன். அவர் இருந்தவரை அவர் பேச்சுக்கு இப்படி ஒரு நாளும் சரி சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து, ரொம்ப நாளைக்கப்புறம் வயிறாரச் சாப்பிட்டேன். புதுத் தாளை நானே நிரப்பினேன், மூன்று அடித்தல்தான். இனி யாரிடமும் எதையும் மறைப்பதில்லை, பொய் என்பதே கிடையாது என்று முடிவு செய்துவிட்டேன். மனசு பஞ்சு மாதிரி இருக்கிறது. அண்ணிக்கு என் அன்பு; நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பின்குறிப்பு: அன்றைக்குக் கடையில் லீவு கேட்க வேண்டியிருந்ததால், நீங்கள் இடுப்பு முறிந்து படுத்த படுக்கையாக இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டேன். கடைக்காரம்மா இரக்கசாலி, ஞாயிற்றுக்கிழமை பழத்தோடு உங்களைப் பார்க்க வருகிறார். ஒரு மணி நேரம் படுத்திருங்கள் அண்ணா, அண்ணியைச் சிரிக்க விடாதீர்கள். வலது இடுப்பு.