கொமென்ட்ரி வாயை மூடிய நாள்

லிந்துலைப் பக்கம் மழை விடும், மூடுபனி விடும், ஆட்டோக்காரர் கொமென்ட்ரி மட்டும் விடமாட்டார். தூக்கத்திலாவது வாய் மூடியிருக்குமா என்று அவர் சம்சாரத்திடமே கேட்டிருக்கிறேன். "அந்த நேரம் கொறட்டை தம்பி. அதுலயும் ஓவர் முடிஞ்சாத்தான் கொஞ்சம் கேப் வரும்" என்றார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. இளவட்டமாக இருந்தபோது தேயிலைத் தோட்டத்துக் கிரிக்கெட் மேட்சில் யாரோ அவர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். மேட்ச் முடிந்தது, மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள், அவர் நிறுத்தவில்லை. ஆட்டோவில் ஏறினால் உங்கள் பயணம் உங்களுக்கே ஒலிபரப்பாகும். "பாலத்துல ஏறுறோம். வலது பக்கம் மாடு. மாடு நம்மளப் பாக்குது. கொமென்ட்ரி வெட்டுறாரு. மாடு ஏமாந்துபோச்சு!"

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்பில் சாப்பாட்டுக் கடை, உடப்புசல்லாவையில் மரக்கறித் தோட்டம், நுவரெலியா மார்க்கட்டில் மூட்டை தூக்குவது என்று கால் போன பக்கம் போனவன். வேலையில்லாத ஒரு மழைக்காலத்தில் மல்லிகா அக்கா இருந்த லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்து ஒண்டினேன். தகரம் ஒழுகியது, வாளி வைத்துக்கொண்டோம். அத்தானுக்குக் கொழும்பில் வேலை, அக்காவுக்கு மலையில் கொழுந்து பறிக்கும் வேலை.

அக்கா மகள் தக்ஷிக்கு இரண்டரை வயது. பேச்சு வரவில்லை. "அப்பன்காரனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று லயத்தில் சொல்வார்கள். அக்கா சிரித்துவைப்பாள். வீட்டுக்குள் வந்து, "என்னைய அம்மான்னு கூப்பிடவே மாட்டாளாடா?" என்று என்னைக் கேட்பாள்.

கிளினிக்குக்கு ஆட்டோ பிடித்தோம். வந்தவர் கொமென்ட்ரி. வெளியே நிற்கவேண்டியவர் உள்ளேயும் வந்துவிட்டார். காது நன்றாகக் கேட்கிறது என்று பார்த்துச் சொன்னார்கள். இரத்தம் குறைவு என்று டாக்டர் இரும்புச்சத்துச் சொட்டு மருந்தும் சத்துமாவும் எழுதினார். பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ்ஸிடம் போனோம். யாழ்ப்பாணத்துக்காரர்.

"நீங்கள் பிள்ளைக்கு ஆர்?"

"ஆட்டோ, மிஸ்."

மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "சத்து மருந்து உடம்புக்கு. பேச்சு வாறதுக்கு நீங்கள் பிள்ளையோட கதைக்கோணும். குளிக்க வார்க்கேக்க தண்ணி எண்டு சொல்லுங்கோ. செய்யிறதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் செய்யுங்கோ."

கொமென்ட்ரி எழுந்தே நின்றுவிட்டார். "மிஸ், நான் பொறந்ததுலருந்து இதத்தான் செய்யிறேன்!"

"சொல்லிப்போட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கோணும். அடுத்தது பிள்ளையின்ர முறை."

முதல் பந்திலேயே அவுட்டான முகம் அவருக்கு. "அதுவரைக்கும் மூச்சு விடலாமா மிஸ்?"

அன்றைக்கு மிஸ் ஒரு விளையாட்டும் கற்றுக்கொடுத்தார். பிள்ளையை ஊஞ்சலில் வைத்து "ரெடி, ஸ்டெடி" என்று சொல்லி நிறுத்தவேண்டும். "போ" என்பதைப் பிள்ளைக்கு விட்டுவிடவேண்டும்.

எங்கள் லயத்தில் பிள்ளைக்குப் பேச வேலையே இருக்கவில்லை. தக்ஷி கையை நீட்டினால் வாசலுக்கு வாசல் ஆள் எழுந்து ஓடும். தண்ணீரா, பிஸ்கட்டா, பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சா, எல்லாம் கைக்கு வந்துவிடும். கொமென்ட்ரி ஹயர், சவாரி இல்லாத நேரமெல்லாம் வந்து, பிள்ளை வாய் திறக்குமுன் யாரும் எதையும் கொடுத்துவிடாமல் காவல் நின்றார். ஒருநாள் பக்கத்து வீட்டு ரோசம்மா பிடிபட்டாள்.

"ஏம்மா, வாயத் தொறக்கப்போற பிள்ளைய பிஸ்கட்ட வச்சி அடைக்கிற?"

"ஒங்க வாய்க்கு ஒரு பெட்டி பிஸ்கட்டே பத்தாதுண்ணே!"

யாரோ சொன்னார்களென்று மீன் எண்ணெய் மாத்திரையும் வாங்கிவந்தார். தன்னைக் கேட்காமல் எந்த மருந்தும் கொடுக்கவேண்டாம் என்று டாக்டர் தடுத்துவிட்டார். "வாங்குன சாமான வீசுறதா?" என்று தானே விழுங்கத் தொடங்கினார். லயமே நடுங்கியது. பேசாத பிள்ளையைப் பேசவைக்கும் என்று வாங்கிய மருந்து இவருக்குள் போனால் என்ன ஆவது? அவர் சம்சாரம்தான் மாத்திரையை ஒளித்துவைத்து ஊரைக் காப்பாற்றினார்.

ஊஞ்சல் விளையாட்டை அவர் ஆட்டோவுக்குக் கொண்டுவந்தார். "ரெடி, ஸ்டெடி..." என்பார். உதடு துடிக்கும். கழுத்து நரம்பு புடைக்கும். "போ!" என்று அவரே கத்திவிடுவார். தக்ஷி கைதட்டுவாள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்: "ஸ்டெடி" சொன்னதும் வாய் நிறைய வெற்றிலையைத் திணித்துக்கொள்வது.

சில மாதம் போனது. கிளினிக் போய்த் திரும்பும்போது, பாலத்துக்கு முன்னால் எதிரே வந்த லொறிக்கு வழிவிட்டு ஆட்டோவை நிறுத்தினார். லொறி போனதும் "ரெடி, ஸ்டெடி" என்று வெற்றிலையைப் போட்டார். தக்ஷி முன்னால் குனிந்து இரண்டு உதட்டையும் சேர்த்தாள். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு எஞ்சினையே நிறுத்தினார்.

பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. கொமென்ட்ரி ரோட்டில் இறங்கி அம்பயர் மாதிரி கையைத் தூக்கினார்.

கண்டக்டர் ஓடிவந்தார். "என்னண்ணே, வண்டி பழுதா?"

வாய் நிறைய வெற்றிலை. பிள்ளையைக் காட்டினார். நான்தான் விளக்கினேன். செய்தி பஸ்ஸுக்குள் போனது. ஜன்னலெல்லாம் தலை. "போன்னு சொல்லு கண்ணு!" என்று ஒரு பெண் தொடங்க, கொமென்ட்ரி முறைத்த முறையில் அந்த ஜன்னலே மூடிக்கொண்டது. சிங்கள டிரைவர் பஸ் எஞ்சினையும் நிறுத்திவிட்டார். பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடுவது மட்டும் கேட்டது. அக்கா மகளின் சட்டையைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள்.

"ப்போ" என்றாள் தக்ஷி.

பஸ் கத்திய கத்தலில் தேயிலைக்குள் இருந்த குருவியெல்லாம் பறந்தது. "பபா கிவ்வானே, தென் யங்!" என்றார் டிரைவர், பிள்ளைதான் சொல்லிவிட்டதே, போகலாம் என்று. கொமென்ட்ரி போகவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு ஹேண்டிலைப் பிடித்தபடி ரோட்டிலேயே நின்றார். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

சொல்லியும் வண்டி நகரவில்லை என்றதும் தக்ஷிக்குக் கோபம் வந்தது. திரும்பி அக்காவின் முழங்காலில் ஓர் அடி வைத்தாள்.

"ம்மா! போ!"

அக்கா கிளினிக் பையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

லயம் வரைக்கும் கொமென்ட்ரி ஒரு வார்த்தை பேசவில்லை. பாலம் வந்தது, மாடு வந்தது, யாரும் அறிவிக்கவில்லை.

சொட்டு மருந்தும் கிளினிக்கும் இன்னும் நடக்கின்றன. நான் மறுபடி ஊர் சுற்றக் கிளம்பிவிட்டேன். எப்போதாவது லிந்துலையில் வந்து இறங்கினால், ஆட்டோக்கள் வரிசையாக நின்று கூப்பிடும். ஏறமாட்டேன். மழையில் நனைந்துகொண்டு, பாலம், மாடு என்று அறிவித்துக்கொண்டு வரும் அந்தச் சத்தம் கேட்கும்வரை நிற்பேன்.