ஏழாம் பக்கத்துப் பட்டினி முகம்

வல்லம் வடகால்,
19-9-1991

பெருமதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்திற்குத் தசரதன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், மனைவி கனகம், மகள் ஜோதி, ஆடுகள் இரண்டு எல்லோரும் சௌக்கியம். தாங்களும், தங்கள் ஆபீஸில் அச்சடிக்கிறவர்கள், கட்டுக் கட்டுகிறவர்கள் எல்லோரும் குறைவில்லாமல் இருக்கச் சிங்கப்பெருமாளை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில், கல்லூரி மாணவர் புகைப்படப் போட்டி என்று ஒரு படம் போட்டிருந்தீர்கள். வறண்ட ஏரியில் ஒரு ஆள் சட்டையில்லாமல் குந்தியிருக்கிறார். கீழே, 'பட்டினியின் முகம். பெயர் தெரியாத ஏழை விவசாயி. படம்: த. எழிலரசன், கம்யூனிகேஷன் மாணவர், சென்னை' என்று இருந்தது. ஐயா, அந்த ஆள் நான்தான். படம் எடுத்தவன் நான் பெற்ற மகன்.

தங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை முகத்தைத்தான் பார்ப்பீர்கள். ஆனால் சில திருத்தங்கள் உண்டு. நான் விவசாயி இல்லை. ஒன்பது வருஷமாகச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு போல்ட் கம்பெனியில் பெர்மனெண்ட், தினம் சைக்கிளில் போய் வருகிறேன், மாதத்தில் பாதி நாள் ஓ.டி. பார்க்கிறேன். அடுத்தது பட்டினி. அன்றைக்கு ஆகஸ்ட் பதினைந்து, பையன் இரண்டு மாதம் கழித்து ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறானே என்று, அதே ஏரியின் கடைசிக் குட்டையில் பிடித்த விராலை வாங்கிக் கனகம் குழம்பு வைத்திருந்தாள். நான் இரண்டு தட்டு சாப்பிட்டு, சட்டியையும் வழித்துவிட்டுத்தான் படத்துக்குப் போனேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது உண்ட களைப்பு. நம்பிக்கை இல்லாவிட்டால் கனகத்தைக் கேட்கலாம், இப்போது கேட்காமல் இருப்பது நல்லது.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கொடுமைக்குப் பிறகு எங்கள் பக்கம் கேமராவும் கையுமாக வராத ஆள் இல்லை. ஆனால் என் மகன் காலேஜ் கேமராவை வாங்கிக்கொண்டு வந்து "நைனா, உன்ன ஒரு போட்டோ எடுக்கணும்" என்றபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவன் இந்தப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து, அது என்ன படிப்பு என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது. எங்கள் சூப்பர்வைசர் பாபு இன்னமும் அது டெலிபோன் படிப்பு என்று நினைத்துக்கொண்டு, தன் வீட்டுக்கு லைன் கேட்டுக்கொண்டிருக்கிறார். சரி, இதுதான் அந்தப் படிப்பு போலிருக்கிறது என்று, பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, பவுடர் பூசி, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போய் நின்றேன். "நைனா, சட்டையக் கழட்டு, வெளிச்சம் அடிக்குது" என்றான். கழட்டினேன். "மூஞ்சியத் தொடச்சிக்க." துடைத்தேன். "குந்து." குந்தினேன். "சிரிக்காத நைனா, பிலிம் வேஸ்ட்டாவுது." ஐயா, பெற்ற பிள்ளை எதிரில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு நம்மையே பார்த்தால் சிரிப்பு வருமா வராதா? ஐந்து தடவை சிரித்துவிட்டேன். கடைசியில் அவனுக்குக் கோபம் வந்து, "எதுனா சோகமா நெனச்சிக்கயேன்" என்றான். நானும் நினைத்தேன். இவன் படித்து முடித்து, மெட்ராசிலேயே வேலை கிடைத்து, இந்தப் பக்கம் வராமலே போய்விட்டால் என்று நினைத்தேன். "அப்பிடியே இரு, அசையாத" என்றான், எடுத்துவிட்டான். ஏழாம் பக்கத்தில் தாங்கள் போட்டது அந்த முகம்தான், அதைப் பட்டினி என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

அதற்குப் பிறகு பட்ட பாட்டைக் கேளுங்கள். திங்கட்கிழமை கேன்டீனில் பாபு தன் தட்டிலிருந்த பூரியை என் தட்டில் தள்ளி, "இன்னா தசரதா, வூட்ல கஷ்டம்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று கண் கலங்கினார். நான் பட்டினி இல்லை என்று சொல்லச் சொல்ல, ரோஷக்காரன் என்று இன்னும் இரண்டு பூரி வந்தது. செவ்வாய்க்கிழமை கனகத்தின் அண்ணன் அரிசி மூட்டையோடு வந்து இறங்கினார். தெருக்குழாயில் எல்லாப் பெண்களும் "புருஷனுக்குச் சோறு போட்றியா இல்லியா?" என்று கேட்டதில், கனகம் இப்போது என்னை வாசலில் உட்கார வைத்துத்தான் சாப்பாடு போடுகிறாள். "தெருவே பாக்கட்டும், நல்லா குந்திகினு துண்ணு" என்கிறாள். மூன்றாவது தடவை சோறு வேண்டாம் என்றால் அழுகிறாள். இதெல்லாம் போகட்டும். ஜோதிக்குத் தண்டலத்திலிருந்து ஒரு வரன் பேசி, அடுத்த வாரம் பூ வைப்பதாக இருந்தது. பையனின் அப்பா பலராமன் ஆளனுப்பி, "பொண்ணு வூட்ல சோத்துக்கே கஷ்டமா கீதாமே, கொஞ்ச நாள் போவட்டும்" என்று சொல்லிவிட்டார். ஜோதி பூ வைக்க எடுத்த புடவையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். அதைப் பார்த்ததிலிருந்துதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே ஐயா, ஒரே ஒரு விண்ணப்பம். என் மகன் என் பெயரைக் கட்டாயம் எழுதிக் கொடுத்திருப்பான். தங்கள் அச்சகத்தில்தான் விட்டுப்போயிருக்க வேண்டும். அவன் அனுப்பிய சீட்டைத் தேடி எடுத்துப் பாருங்கள், 'என் தந்தை தசரதன்' என்று இருக்கும். அதை அப்படியே ஒரு மூலையில் போட்டால் போதும். எனக்குப் பூரியும் பட்டினியும் பெரிதில்லை. பெயர் தெரியாத ஆள் என்று என் பிள்ளை சொன்னதாக நாலு பேர் நினைத்துவிடக் கூடாது, அதுதான் மனசைப் போட்டு அறுக்கிறது.

தங்கள் குடும்பமும் பத்திரிகையும் ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்ற வேண்டும்.

இப்படிக்கு,
பெயருள்ள,
வ. தசரதன்
(த/பெ வரதப்பன்), ஏரிக்கரைத் தெரு.

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது எழிலரசனின் இன்லாண்ட் லெட்டர் வந்தது. ஜோதி படித்தாள். 'நைனா, முதல் பரிசு எனக்குத்தான். அந்தப் பத்திரிகையிலேயே ஆறு மாசம் ட்ரெயினிங் தர்றாங்க. போட்டி ரூல்படி முன்பின் தெரியாதவங்களத்தான் எடுக்கணும். முப்பது பேர எடுத்துப் பாத்தேன், உன் மூஞ்சி மாதிரி ஒண்ணும் வரல. அதனால பேர் தெரியாதுன்னு நான்தான் எழுதிக் குடுத்தேன். யாராவது கேட்டா அது நீ இல்லன்னு சொல்லிடு. கோச்சிக்காத நைனா.'

எனவே மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். அந்தப் படத்தில் இருப்பவரை எனக்குத் தெரியாது. என் மகனுக்கும் தெரியாது. அவர் உண்மையிலேயே பட்டினியாகத்தான் இருந்திருப்பார். பலராமன் வீட்டுக்கு நானே போய் விருந்துக்குக் கூப்பிட்டுப் பேசிக்கொள்கிறேன். இதைக் கிழித்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் அந்த ஆள் பார்க்க என் சாயலில் இருப்பதாலும், என் வீட்டில் என் படம் ஒன்றுகூட இல்லாததாலும், ஒரு பிரதி கேட்கலாம் என்று அனுப்புகிறேன். பையன் அங்கே வேலைக்கு வந்து நிறையப் படம் எடுப்பான். அவன் பெயரைப் போடும்போதெல்லாம் முன்னால் அந்த 'த' எழுத்தை விட்டுவிடாமல் போடச் சொல்லுங்கள். எனக்கு அது போதும்.