சைலோவும் சகலையும்

என்னையும் கூட்டிக்கொண்டு பத்து நாள் தன் அக்கா வீட்டில் போய்த் தங்குவது என்று என் மனைவி முடிவு செய்தாள். போகவே கூடாது என்று நான் முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் முடிவுகளுக்குப் பஞ்சமே கிடையாது. நிறைவேறுவது எப்போதும் ஒருவருடைய முடிவுதான். இந்தத் தடவை அந்த ஒருவர் நான்தான் என்று சபதமே போட்டேன், சத்தம் வராமல்.

காரணம் என் சகலை, அதாவது அவளுடைய அக்கா புருஷன். தங்கமான மனிதர். ஆனால் ஆறு வருடத்துக்கு முன்னால் அவருக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். கல் வெளியே வந்துவிட்டது. கதை இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. போன தடவை இரண்டு முழு நாள் உட்கார்ந்து கேட்டேன். ஆஸ்பத்திரி வாசல்கூட வரவில்லை.

எனக்குக் கை கொடுத்தது எங்கள் சைலோ. பன்னிரண்டு மாடுகளுக்கான தீவனம் அதில்தான் இருக்கிறது. பச்சை மக்காச்சோளத்தைத் தட்டையோடு பொடியாக வெட்டி, அந்த நாற்பதடிக் கோபுரத்துக்குள் மிதித்து மிதித்து அடைத்து, காற்றுப் புகாமல் மூடிவிட்டால் எத்தனை மாதமானாலும் கெடாது. திறந்துவிட்டால்தான் வம்பு. தினமும் மேலிருந்து நாலு விரல் கனத்துக்கு அள்ளியே ஆகவேண்டும். ஒரு நாள் விட்டால் பூசணம் பிடித்துவிடும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் ஏறினேன். திறந்தேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்தேன்.

"சைலோவத் திறந்துட்டேன்."

அவள் கையிலிருந்த கரண்டி நின்றது. "இன்னைக்கேவா?"

"மாடுங்க கேட்டுச்சு."

"வாயத் திறந்தா?"

"பார்வையாலே. இனிமே நான் ஒரு நாள்கூட நகர முடியாது. நீ போய்ட்டு வா. என்னை நினைச்சுக் கவலப்படாத."

"பக்கத்துப் பண்ணைக்காரர் பாத்துக்கறேன்னு சொன்னாரே?"

"அவரு வைக்கோல் போடுவாரு. அந்த முட்டிய வச்சுக்கிட்டு நாப்பதடி ஏணி ஏறுவாரா?"

அவள் கோபப்படவில்லை. நான் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை. போதாக்குறைக்குக் கொஞ்சம் நடிப்பையும் சேர்த்தேன்.

"உள்ள இறங்குறது லேசுப்பட்ட வேலையில்ல. கெட்ட காத்து நிக்கும். மயக்கம் போட்டா கேக்க நாதியில்ல. பரவால்ல, எப்படியோ சமாளிச்சுக்கறேன்."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, இவரால வர முடியாதாம். சைலோவத் திறந்துட்டாரு. அதுக்குள்ள தனியா இறங்கவே கூடாதுக்கா. கீழ ஒருத்தர் நின்னு பேச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கணும். உள்ள இருக்கறவர் பதில் சொல்லிக்கிட்டே இருக்கணும். பதில் நின்னா உடனே ஆளக் கூப்பிடணும்... ஆமாக்கா, நிறுத்தாம பேசுற ஆளாத்தான் வேணும்."

நான் போனை நோக்கிப் பாய்ந்தேன். "வேணாம், வேணாம்! நானே பாட்டுப் பாடிக்கறேன்!"

"நீங்க பாடுறது யாருக்குங்க கேக்கும்?" என்றாள். மறுபடி போனில், "அத்தான அனுப்பிடுறியா? அப்ப நாம ரெண்டு பேரும் கடற்கரைக்குப் போய்ப் பத்து நாள் இருந்துட்டு வருவோமா?"

மறுநாள் காலையில் அக்காவும் சகலையும் வந்து இறங்கினார்கள். அக்கா கையில் ஒரு சின்னப் பை. சகலை கையில் எக்ஸ்ரே படங்கள்.

காரில் ஏறும்போது என் மனைவி கண்ணாடியை இறக்கினாள். "போன வருஷம் மழைக்காலம் முடியிற வரைக்கும் திறக்காத சைலோ. இந்த வருஷம் நாம கிளம்புறதுக்கு முந்தின நாள் திறக்குது. நான் என்ன மக்காச்சோளமா, மிதிச்சு மூடி வைக்க?" கார் போய்விட்டது.

இன்று ஐந்தாவது நாள். நான் உள்ளே தீவனத்தை வாரித் தள்ளுகிறேன். சகலை கீழே நின்று, தீவனம் விழும் குழாயில் வாயை வைத்துப் பேசுகிறார். கோபுரத்துக்குள் எதிரொலி வேறு. ஒவ்வொரு வலியையும் இரண்டிரண்டு தடவை கேட்கிறேன்.

"டாக்டர் என்னைப் பாத்தாரு சகலை. கேக்குதா?"

"உம்."

"நான் டாக்டரப் பாத்தேன். இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்!"

நேற்று தாங்க முடியவில்லை. ஒரே ஒரு நிமிஷம் 'உம்' கொட்டாமல் அந்த மக்காச்சோளத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன். ஆகா, என்ன அமைதி! கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மணி அடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்தது. நான்கு பேர் ஏறி வந்து, உயிரோடு இருந்த என்னைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள்.

அந்த நான்கு பேருக்கும் முன்கதை தெரியாது என்பதால், சகலை முதலிலிருந்து ஆரம்பித்தார்.