அழுக்குக் கூடையில் உள்ளிருப்புப் போராட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உன் மகளும் பச்சைக் குழந்தையும் சுகமென்று அறிந்து மகிழ்ச்சி. இங்கே நான், உன் அண்ணி, நீ விட்டுப்போன கோழி மூவரும் சுகம். வாத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

மகள் பிரசவத்துக்கென்று நீ கிளம்பிய மறுவாரமே கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டு, குளியலறையில் அழுக்குத்துணிக் கூடைக்குள் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. அடியில் முட்டை கிடையாது, என் பனியன்தான் இருந்தது. லேத் பட்டறையில் முப்பது வருஷம் ஃபோர்மேனாக இருந்து எத்தனையோ உள்ளிருப்புப் போராட்டத்தைப் பேசியே கலைத்தவன், ஒரு கோழியிடமா தோற்பேன் என்று தூக்கி வெளியே விட்டேன். எனக்கு முன்னால் கூடைக்குப் போய்விட்டது. கம்பிக் கூண்டில் அடைத்தேன், கம்பிமேலேயே உட்கார்ந்தது. அடை தெளிய, கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சொன்னபடி வாளியில் பச்சைத் தண்ணீர் பிடித்து வயிறு நனைய முக்கினேன். ஈர வயிற்றோடு போய் என் பனியனையும் நனைத்தது. கை நீட்டினால் உடம்பை உப்பிக்கொண்டு 'உர்'ரென்று கொத்துகிறது. "அது பாட்டுக்கு உக்காந்திருக்கட்டும், விடுங்களேன்" என்றாள் உன் அண்ணி.

வாத்து விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. பின்கதவைத் தாழ் போடாமல் விட்டது நான்தான். பக்கத்து வீட்டு ஆண்வாத்தோடு கால்வாய்ப் பக்கம் போனது போனதுதான். மூன்று தெரு தேடினேன். நீ குஞ்சிலிருந்து வளர்த்த வாத்து, உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது கண்ட இடத்தில் இட்டுப்போன ஐந்து முட்டைதான் மிச்சம். அவற்றைக் கோழிக்கு அடியில் வைத்தேன்.

தங்கச்சி, அன்றிலிருந்து அந்தக் கோழியைப் பார்க்கிறேனே, என்னவென்று சொல்வேன்! ஒரு நாளைக்கு ஒரே தடவை எழுந்து, தின்று, குடித்து, முழுநாளைக்கும் சேர்த்து மொத்தமாக எச்சம் போட்டுவிட்டு, பத்தாவது நிமிஷம் சீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. என் ஆட்கள் டீ குடிக்கப் போனால் பாதிப் பேர் மறுநாள்தான் வருவார்கள். இருபத்தோராம் நாள் ஒன்றும் பொரியவில்லை. எல்லாம் கூமுட்டை என்று எடுக்கப் போனேன். கொத்தியதில் கையில் ரத்தம். "வாத்து முட்டைக்கு இருபத்தெட்டு நாளு சார், இதுகூடத் தெரியாதா?" என்று கம்பவுண்டர் சிரித்தார். எனக்குத் தெரியவில்லை, அதற்குத் தெரிந்திருக்கிறது! இன்று இருபத்தாறு. நெஞ்செல்லாம் இறகு கொட்டி, உடம்பு பாதியாகிவிட்டது, இன்னும் அசையவில்லை. தினமும் அதற்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுத்தான் குளிக்கிறேன்.

வாத்தைத் தொலைத்தவனை மன்னித்துவிடு. குழந்தைக்கு என் ஆசி. இந்தக் கோழியின் உறுதி அதற்கும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மகராசி எழுந்து போய்விட்டாள். குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கிறாள், கூப்பிட்டால் நீ யார் என்பதுபோல் பார்க்கிறாள். முட்டைகளை மஃப்ளரில் சுற்றி மடியில் வைத்து, மேலே வெந்நீர்ப் பையோடு நானே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு முட்டைக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்கிறது, நான் எழுந்திருக்க முடியாது. சாப்பிடக் கூப்பிட வந்த உன் அண்ணியைப் பார்த்து 'உர்'ரென்றேனாம். "இருங்க, அடை தெளிய வைக்கிறேன்" என்று வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.